ஒரு சந்தாச் சேவையும் எம். எஸ். பாஸ்கரின் குரலும்

சிங்கப்பூரின் ஈசூன் வட்டாரத்தில் உள்ள எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் மூன்று மாதங்களாக நாங்கள் பயன்படுத்திவரும் ஓர் இணையத் திரைப்படச் சேவையைப் பற்றிய மதிப்பீடு இது. சந்தா கட்டியதற்கு முதற்காரணம் தமிழ் நடிகர் எம். எஸ். பாஸ்கர். சன் தொலைக்காட்சியின் 'சின்னப் பாப்பா பெரிய பாப்பா' தொடரில் அவர் பட்டாபியாக வந்த காலந்தொட்டு என் தாயார் அவருடைய இரசிகை.

படங்களின் தேர்வில் குறையில்லை. 2007-இல் வெளிவந்த 'மொழி' இதில் தெளிவான படத்தரத்தில் இருக்கிறது. மகனை இழந்த அதிர்ச்சியில் 1984-ஆம் ஆண்டிலேயே நின்றுவிட்ட பேராசிரியராக அவர் வருகிறார். பழைய செய்திகளை இன்று நடந்தவைபோல அவர் விசாரிக்கும்போது முதலில் சிரிக்கிறோம்; காரணம் தெரிந்த பிறகு அதே உற்சாகக் குரலைக் கேட்கவே மனம் வலிக்கிறது. மகன் இறந்ததை உணர்ந்து அவர் உடைந்து அழும் காட்சியை, பெருவிரைவு ரயிலில் ராஃபிள்ஸ் பிளேஸ் செல்லும் வழியில், காதில் காதொலிப்பானை மாட்டிக்கொண்டு மீண்டும் கேட்டேன். வீட்டுத் தொலைக்காட்சியில் பின்னணி இசைக்குள் அமுங்கிப்போன மூச்சுத் திணறல்கூட அப்போது துல்லியமாகக் கேட்டது. நடிகராக அறியப்படும் முன்பே பின்னணிக் குரல் கொடுத்துப் பழகியவர் என்பதால், முகத்துக்கு முன்பாகவே அவருடைய குரல் நடிக்கத் தொடங்கிவிடுகிறது என்று நினைக்கிறேன்.

இங்கேதான் இச்சேவை எனக்கு ஏமாற்றம் தந்தது. அவர் பெயரைத் தேடினால் அவர் திரையில் தோன்றிய படங்கள் மட்டுமே வருகின்றன. பிற மொழிப் படங்களின் தமிழ் வடிவங்களில் குரல் கொடுத்தவர் எவருடைய பெயரும் படக்குறிப்பில் இல்லை. படம் முடிந்து பெயர்கள் ஓடத் தொடங்கியதும் திரை சுருங்கி, அடுத்த படம் தானாகவே தொடங்கிவிடுகிறது. குரலை மட்டும் முதலாகக் கொண்டு உழைத்த கலைஞர்களுக்கு இதைவிடப் பெரிய அநீதி வேறில்லை. தமிழ் வேகமாக வாசிக்க வராத என் பிள்ளைகள் ஆங்கில வசனவரிகளைத்தான் நம்பியிருக்கிறார்கள்; பாஸ்கர் இழுத்துப் பேசும் ஒரு சொல்லுக்கும் வெடுக்கென்று சொல்லும் அதே சொல்லுக்கும் ஒரே மொழிபெயர்ப்புதான் வருகிறது. நான் படத்தை நிறுத்தி நிறுத்தி விளக்க வேண்டியிருக்கிறது.

'பார்க்கிங்' படத்துக்கு அந்த விளக்கம் தேவைப்படவில்லை. ஒரே வீட்டில் குடியிருக்கும் இருவர் வண்டி நிறுத்துமிடத்துக்காக மோதிக்கொள்ளும் கதையில், நேர்மையான அரசு ஊழியர் இளம்பருதியாக வரும் பாஸ்கரின் வீம்பு படிப்படியாகக் கொடுமையாக மாறுவதை என் மூத்த மகள் வசனவரிகளைப் பார்க்காமலேயே புரிந்துகொண்டாள். 2023-ஆம் ஆண்டுப் படங்களுக்கான தேசியத் திரைப்பட விருதுகளில், சிறந்த துணை நடிகருக்கான விருதை மலையாள நடிகர் விஜயராகவனுடன் பாஸ்கர் பகிர்ந்துகொண்டது இந்தப் படத்துக்காகத்தான். நகைச்சுவைக்காகவே பல ஆண்டுகள் அழைக்கப்பட்டவருக்கு அது காலந்தாழ்ந்து கிடைத்த மரியாதை என்பதே என் எண்ணம்.

பழைய தமிழ்ப் படங்களை விரும்புவோர் ஒரு மாதம் சந்தா கட்டிப் பார்க்கலாம். 'மொழி'யை முதலிலும் 'பார்க்கிங்'கை அடுத்தும் பாருங்கள், வசனவரிகள் தேவைப்படாதவர்கள் அவற்றை அணைத்துவிடுங்கள். நாங்கள் சந்தாவைப் புதுப்பித்துவிட்டோம். குரல் கலைஞர்களின் பெயர்களைப் படக்குறிப்பில் சேர்க்குமாறு வாடிக்கையாளர் பிரிவுக்கும் எழுதியிருக்கிறேன்.