சர்வதேசப் பள்ளியில் பெற்றோராக ஏழு ஆண்டுகள்: சென்னையிலிருந்து ஓர் அனுபவப் பகிர்வு

எங்கள் மகளை 2018 ஆகஸ்டில் சென்னையின் பழைய மகாபலிபுரம் சாலைப் பகுதியிலுள்ள ஒரு சர்வதேசப் பள்ளியில் முதல் வகுப்பில் சேர்த்தோம். ஏழாம் வகுப்பு வரை அங்கேயே படித்தாள். இத்தகைய பள்ளிகளின் கட்டணத்தைப் பற்றியும் பாடத்திட்டத்தைப் பற்றியும் நிறையப் பேசப்படுகிறது. பெற்றோருக்கு அங்கே என்ன வேலை, அந்த வேலையால் பிள்ளைக்கு என்ன கிடைக்கிறது என்பதைப் பற்றித்தான் நான் எழுத விரும்புகிறேன்.

எங்கள் பள்ளி, 1968-இல் ஜெனீவாவில் தொடங்கப்பட்ட, பல நாடுகளின் பள்ளிகளுக்குப் பாடத்திட்டம் வகுக்கும் இன்டர்நேஷனல் பாக்கலாரியேட் (ஐபி) அமைப்பின் திட்டங்களைப் பின்பற்றுகிறது. வகுப்பில் ஏறக்குறைய பாதிப் பேர் வெளிநாட்டுப் பிள்ளைகள், அவர்களிலும் கொரியர்களே அதிகம். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை 1998-இல் உற்பத்தியைத் தொடங்கியதிலிருந்து, அதைச் சார்ந்த நிறுவனங்களுக்காகக் கொரியக் குடும்பங்கள் சென்னைக்கு வருவதும் சில ஆண்டுகளில் திரும்பிச் செல்வதுமாக இருக்கின்றன.

ஆண்டுக்கொருமுறை நடக்கும் சர்வதேச நாள் விழாவில் உழைப்பதுதான் பெற்றோரின் பங்கேற்பு என்று தொடக்கத்தில் நினைத்திருந்தேன். முதல் ஆண்டில் இந்திய ஸ்டாலுக்கு எந்த உணவை வைப்பது என்று வாட்ஸ்அப் குழுவில் மூன்று வாரங்கள் விவாதித்து, கடைசியில் சமோசாவைக் கேட்டரிங்காரரிடம் சொல்லி வரவழைத்தோம். பிள்ளைகள் கையில் அட்டைப் பாஸ்போர்ட்டுடன் ஸ்டால் ஸ்டாலாக ஓடி முத்திரை வாங்கினார்கள். அன்றிரவு, கொரியா ஸ்டாலில் என்ன இருந்தது என்று மகளிடம் கேட்டேன். "முத்திரை குத்தினாங்கம்மா" என்றாள். அத்தனை பேர் உழைத்த உழைப்பு அந்த ஒரு வரியில் முடிந்துபோனது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது.

2020 ஜனவரியில் இரண்டாம் வகுப்பு ஆசிரியை வேறொரு வழியை முயன்றார். அந்த ஆண்டு பொங்கல் முடிந்த பத்தே நாளில் 'சொல்லால்' எனப்படும் கொரியப் புத்தாண்டு வந்தது. ஸ்டாலோ மேடையோ வேண்டாம், வீட்டில் விளையாடும் ஒரு விளையாட்டை அரைமணி நேரம் வகுப்பில் சொல்லிக்கொடுத்தால் போதும் என்று அவர் கேட்டுக்கொண்டார். என் மாமியார் தம்முடைய பித்தளைத் தாயக்கட்டைகளை எடுத்துக்கொண்டு வந்தார். மகளின் தோழியுடைய தாயார், ஒரு பக்கம் தட்டையாகவும் மறுபக்கம் உருண்டையாகவும் இருந்த நான்கு மரக்குச்சிகளைக் கொண்டுவந்தார். அந்த விளையாட்டின் பெயர் யுத். நான்கு குச்சிகளும் தட்டைப் பக்கம் மேலே தெரிய விழுந்தால் நான்கு, நான்கும் கவிழ்ந்து விழுந்தால் ஐந்து, இவ்விரண்டில் எது விழுந்தாலும் மறுபடியும் போடலாம், எதிரியின் காயை வெட்டினாலும் இன்னொரு ஆட்டம் உண்டு என்று அவர் விளக்கியதும், "இது நம்ம தாயம்தானே!" என்று என் மாமியார் தரையில் இன்னும் நெருங்கி உட்கார்ந்தார். ஆங்கிலம் தெரியாத அவருக்கும் தமிழ் தெரியாத அந்தப் பெண்ணுக்கும் பிள்ளைகளே மொழிபெயர்த்தார்கள். மணி அடித்த பிறகும் ஆட்டம் நிற்கவில்லை. அந்தப் பெண் சோல் நகரத்துக்குத் திரும்பிய பின்னும் என் மாமியார் அவரை விசாரித்துக்கொண்டேதான் இருக்கிறார்.

மார்ச் மாதம் கொரோனாவால் பள்ளி மூடப்பட்டது. இணையவழிக் கொண்டாட்டங்களைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றும் இல்லை.

பெற்றோர் பங்கேற்பின் உண்மையான பயனை நான் ஐந்தாம் வகுப்பில்தான் கண்டேன். ஐபி அமைப்பின் தொடக்கநிலைத் திட்டத்துக்கு அதுவே இறுதி ஆண்டு; அதில் பிள்ளைகள் குழுவாக ஒரு பிரச்சினையைத் தேர்ந்தெடுத்து, வாரக்கணக்கில் ஆராய்ந்து, எல்லார் முன்னிலையிலும் காட்சிப்படுத்த வேண்டும். எங்கள் பள்ளியில் ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு பெரியவர் வழிகாட்டி. என் மகள் இல்லாத ஒரு குழுவுக்கு என்னை நியமித்தார்கள். அவர்கள் எடுத்துக்கொண்டது, உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் 2022-இல் இடம்பெற்ற பள்ளிக்கரணை சதுப்புநிலம். கேள்வி கேட்கலாம், விடை சொல்லக் கூடாது என்பது விதி. சனிக்கிழமை காலையில் சாலையோரம் நின்று கூழைக்கடாக்களை எண்ணிக்கொண்டிருந்த சிறுவன் ஒருவன் பெருங்குடிக் குப்பைமேட்டைக் காட்டி, "ஆண்ட்டி, நம்ம ஸ்கூல் குப்பையும் இங்கதான் வருதா?" என்று கேட்டான். அதைக் கண்டுபிடிக்க யாரைக் கேட்கலாம் என்று நான் திருப்பிக் கேட்டேன். மறுநாளே அவர்கள் பள்ளியின் துப்புரவுப் பணியாளர்களிடம் போய் உட்கார்ந்துவிட்டார்கள். வாயை மூடிக்கொண்டு பிள்ளைகளுடன் நிற்பது எவ்வளவு கடினம் என்பதையும், அது அவர்களுக்கு எவ்வளவு தேவை என்பதையும் அந்த ஆறு வாரங்களில் கற்றுக்கொண்டேன்.

குறைகளும் இருக்கின்றன, அவை சிறியவை அல்ல. தலைமையாசிரியருடனான சந்திப்புகள் ஏழாண்டுகளாக வேலைநாளில் காலை ஒன்பதரைக்கே நடந்தன. அலுவலகம் செல்லும் தாய்மார்கள் விடுப்பு எடுக்க வேண்டும். தந்தையர் அநேகமாக வருவதே இல்லை. சுற்றறிக்கைகள் ஆங்கிலத்தில் மட்டுமே வரும் என்பதால், கொரியத் தாய்மார்கள் தங்களுக்குள் தனியாக ஒரு குழு வைத்து மொழிபெயர்த்துக்கொண்டார்கள். அவர்களுடைய ஐயங்கள் எங்களை எட்டவே இல்லை. பிள்ளையைத் தினமும் கொண்டுவந்து விட்டு அழைத்துச் செல்லும் தாத்தா பாட்டிகளுக்கும் எந்த அழைப்பும் வராது. சாப்பாட்டுக்கூடம், பேருந்து நேரம் போன்றவற்றில் முடிவெடுத்த பிறகே கருத்துக் கேட்டார்கள். விழாவுக்கு உழைக்கக் கூப்பிடும் பள்ளி, முடிவெடுக்கும்போதும் கூப்பிட வேண்டும் என்று கூட்டங்களில் பலமுறை சொல்லியிருக்கிறேன்.

இன்னொரு சிக்கல், குடும்பங்கள் வந்து போவது. விழா நடத்தத் தெரிந்தவர் மே மாதம் ஊருக்குத் திரும்பிவிடுவார். ஆகஸ்டில் புதியவர்கள் ஆனா ஆவன்னாவிலிருந்து தொடங்குவார்கள். இதற்காகவே வகுப்புப் பிரதிநிதியாக இருந்த ஆண்டில் ஒரு நீளக் கணக்கு நோட்டில் எல்லாவற்றையும் எழுதி வைத்தேன்: எந்த ஆசிரியர் எந்த நேரத்துக்கு இசைவார், எவ்வளவு செலவானது, எது மிஞ்சிப் போனது, யார் வீட்டில் என்ன விளையாட்டு.

சேர்க்கைக்கு முன் பள்ளியைப் பார்க்கப் போகிறவர்கள், விழாப் புகைப்படங்களைக் காட்டும்போது இரண்டு கேள்விகளைக் கேட்டுப்பாருங்கள். பெற்றோர் சந்திப்பு மாலையிலோ சனிக்கிழமையிலோ நடக்குமா? சென்ற ஆண்டு பெற்றோர் சொல்லி மாற்றப்பட்டது எது? எங்கள் பள்ளியில் இரண்டாவது கேள்விக்கு இப்போது ஒரு விடை இருக்கிறது: பிப்ரவரி 21, உலகத் தாய்மொழி நாளன்று தாத்தா பாட்டிகள் தங்கள் மொழியிலேயே வகுப்பில் கதை சொல்கிறார்கள். நோட்டு இந்த ஆண்டு ஒரு ஜப்பானியத் தாயிடம் இருக்கிறது. நான் தமிழில் எழுதியிருந்த பக்கங்களை அவருடைய மகனும் என் மகளும் சேர்ந்து ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.