அரிசியா, பணமா, பசைப் பொட்டலமா?

2023 டிசம்பரில் தூத்துக்குடி மாவட்டத்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தாமிரபரணி இரு கரையும் மீறி ஊர்களுக்குள் வந்தது. தண்ணீர் வடிந்தபின் ஏரல் பக்கம் நிவாரணப் பை கொடுக்கப் போனவர்களில் நானும் ஒருவன். ஒரு ஆச்சி பையை வாங்கித் திண்ணையில் வைத்துவிட்டு, "அரிசி வந்துட்டு தம்பி. பிள்ளதான் வாயத் தொறக்க மாட்டேங்கு" என்றார். இடுப்பில் இருந்த பேரனுக்கு நான்கு நாளாக வயிற்றுப்போக்கு. எங்கள் பையில் அவனுக்கென்று ஒன்றும் இல்லை.

வெள்ளம், வறட்சி, போர் என எது வந்தாலும் நிவாரணக்காரர்கள் முன் இந்தக் கேள்விதான் நிற்கிறது. வீட்டுக்குச் சோறா, மெலிந்த பிள்ளைக்கு மருத்துவமா? பெரும்பாலும் இரண்டையும் இரண்டு தரப்பார், இரண்டு பட்டியலை வைத்துக்கொண்டு செய்கிறார்கள்.

அரிசி மூட்டையை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். தெருவுக்குத் தெரு ரேஷன் கடை உள்ள நம் ஊரில் அதைக் கொண்டுசேர்ப்பது எளிது. பெரியவர்களின் பசி அடங்கும். ஆனால் விறகு நனைந்து கிடக்கும்போது அரிசி அரிசியாகவே இருக்கும். கஞ்சியாக்கினாலும், ஒன்றரை வயதுப் பிள்ளையின் சின்ன வயிற்றுக்குத் தேவையான கொழுப்பும் புரதமும் அதில் போதாது.

பணம் கொடுத்தால் வேண்டியதைத் தாயே வாங்கிக்கொள்வாள். அந்த வெள்ளத்தில் கடுமையாகப் பாதிக்கப்பட்ட வட்டங்களில் குடும்பத்துக்கு 6,000 ரூபாயை அரசு ரேஷன் கடை வழியாகக் கொடுத்தது. பாத்திரம், பாய், பால், ஆஸ்பத்திரிக்குப் பஸ் என எல்லாவற்றுக்கும் அது உதவும். ஆனால் கடை திறந்திருக்க வேண்டும். ஏரல் கடைத்தெருவே தண்ணீரில் நின்ற நாட்களில் நோட்டை வைத்துக்கொண்டு என்ன வாங்குவது? 2011 சோமாலியப் பஞ்சத்தில் நிலைமை வேறு. உணவு லாரிகள் போகமுடியாத பகுதிகளிலும் வியாபாரிகள் இருந்ததால், அங்கே பணம் கைகொடுத்தது. சந்தை உயிரோடு இருக்கிறதா என்பதைப் பார்த்துத்தான் இதை முடிவு செய்ய வேண்டும்.

மூன்றாவது, பசைப் பொட்டலம். வேர்க்கடலை, பால்பொடி, எண்ணெய், சர்க்கரை, உயிர்ச்சத்துகள் சேர்த்து அரைத்தது. 92 கிராம் பொட்டலத்தில் 500 கலோரி. அடுப்பு வேண்டாம், கலக்கத் தண்ணீர் வேண்டாம். இது வருவதற்கு முன் கடுமையாக மெலிந்த பிள்ளையை வாரக்கணக்கில் படுக்கையில் வைத்து, சுத்தமான நீரில் கரைத்த பாலைக் கொடுத்துத்தான் தேற்ற வேண்டியிருந்தது. இப்போது ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயதுக்குள் உள்ள பிள்ளையின் மேற்கையை நாடாவால் அளக்கிறார்கள். 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே போனால் நாடாவில் சிவப்பு, அதாவது கடுமையான மெலிவு. வேறு நோய்ச் சிக்கல் இல்லாமல், பசியெடுத்துச் சாப்பிடும் பிள்ளையை வீட்டிலேயே வைத்துச் சில வாரங்களில் தேற்றிவிடலாம். பீடித்தட்டை மடியில் வைத்து, ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் நம் பக்கத்துத் தாய்க்கு இது எத்தனை பெரிய ஆறுதல்! பிள்ளையோடு இரண்டு வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தால் அவள் வீட்டில் உலை ஏறாது.

ஆனாலும் பானை காலியாக உள்ள வீட்டில் அந்தப் பொட்டலம் ஒரு பிள்ளையோடு நிற்காது. அக்காவும் தம்பியும் பார்த்துக்கொண்டிருக்க, தாய் அதை மூன்றாகப் பங்கிடுவாள். அதைக் குற்றமென்று சொல்ல எனக்கு நா எழவில்லை. தேறிய பிள்ளையும் அதே காலிப் பானைக்குத்தான் திரும்புகிறது. நாடா மறுபடி சிவப்பைக் காட்டுகிறது.

அதனால்தான் இரண்டையும் பிணைப்பதே சரி என்கிறேன். பிள்ளைக்குப் பொட்டலம் கொடுக்கும் அதே நாளில், அதே இடத்தில், வீட்டுக்கும் அரிசி, பருப்பு, எண்ணெய் அல்லது பணம் கொடுக்க வேண்டும். சிகிச்சை அட்டையே நிவாரண அட்டையாகட்டும். இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. பிள்ளை மெலிந்தால்தான் மூட்டை, தேறினால் மூட்டை நின்றுவிடும் என்றால், தேறுவதையே ஒரு தாய் அஞ்சும் நிலை வரும். ஆகவே நெருக்கடி நீடிக்கும்வரை சிறு பிள்ளை உள்ள எல்லா வீட்டுக்கும் அடிப்படைப் பங்கு போகட்டும். சிவப்பு காட்டிய வீட்டுக்குக் கூடுதல் பங்கு; பிள்ளை தேறிய பிறகும் சில மாதம் அது தொடரட்டும். செலவு கூடும்தான். காசு ஒன்றுக்குத்தான் காணும் என்றால் சிகிச்சையை முதலில் எடுப்பேன். கடுமையாக மெலிந்த பிள்ளைக்குச் சாதாரணக் காய்ச்சலும் உயிருக்கு உலையாகும்.

பட்டியலைச் சேர்ப்பதற்குப் பெரிய செலவு இல்லை. பால்வாடியில் எடைப் பேரேடு இருக்கிறது. ரேஷன் கடையில் குடும்பத்தின் விவரம் இருக்கிறது. அடுத்தடுத்த தெருவில் உள்ள இந்த இரண்டும் வெள்ளத்தன்று பேசிக்கொள்ள வேண்டும். எங்கள் குழு இப்போது அரிசிப் பையைக் கட்டுவதற்கு முன்னால், பால்வாடி டீச்சரிடம் எடை குறைந்த பிள்ளைகள் யார் யார் என்று கேட்டுக்கொள்கிறது. பையில் வயிற்றுப்போக்குக்குக் கரைத்துக் கொடுக்கும் ஓஆர்எஸ் பாக்கெட்டும் அந்த நாடாவும் இருக்கின்றன.