மாட்டுங்காவில் கோர்ச்னாய் வகுப்பு: இரண்டாம் வாரத்தைத் தவறவிடாதீர்கள்

மும்பை மாட்டுங்காவில் ஞாயிறுதோறும் தமிழில் நடக்கும் இந்தச் செஸ் வகுப்பில், நான்கு வாரமும் விக்டர் கோர்ச்னாயின் ஆட்டங்கள் மட்டுமே. 1931இல் லெனின்கிராடில் பிறந்தவர், நான்கு முறை சோவியத் சாம்பியன். 1976இல் ஆம்ஸ்டர்டாம் போட்டி முடிந்த கையோடு சோவியத் நாட்டுக்குத் திரும்பாமல் அங்கேயே தங்கிவிட்டவர்; பிறகு சுவிட்சர்லாந்தில் குடியேறினார். இந்தக் கதையை அரை மணியில் முடித்துவிட்டுப் பலகைக்கு வந்துவிடுகிறார்கள். நல்ல முடிவு.

இரண்டாம் வாரம் முழுக்கத் தனிச் சிப்பாய், அதாவது பக்கத்து வரிசைகளில் தன் பக்கச் சிப்பாய் இல்லாத சிப்பாய். இதற்காகவே பணம் கட்டலாம். உலக சாம்பியனுக்குச் சவால் விடுபவரைத் தேர்ந்தெடுக்கும் கேண்டிடேட்ஸ் சுற்றின் 1974 இறுதியில், சக சோவியத் வீரர் கார்ப்போவுக்கு எதிராக கோர்ச்னாய் கறுப்பில் திரும்பத் திரும்ப பிரெஞ்சு டிஃபென்ஸ் என்ற தொடக்கத்தை ஆடினார்: ஈ4 ஈ6, டி4 டி5, குதிரை டி2 சி5. டி5இல் சிப்பாய்கள் வெட்டிக்கொண்டு, வெள்ளை சி5ஐயும் எடுத்த பிறகு, கறுப்பின் டி5 சிப்பாய்க்கு இருபுறமும் துணை கிடையாது. பதிலுக்குப் பிஷப்புகளுக்கு வழி திறக்கிறது, ஈ ஃபைல் (ஈ எழுத்துள்ள நெடுவரிசை) யானைக்குக் கிடைக்கிறது. கார்ப்போவால் அந்த பிரெஞ்சு ஆட்டங்களில் ஒன்றைக்கூட ஜெயிக்க முடியவில்லை.

உடனே 1981இல் இத்தாலியின் மெரானோவில் இருவருக்கும் நடந்த உலக சாம்பியன் மேட்சின் ஒன்பதாம் ஆட்டத்தை வைக்கிறார்கள். இப்போது கோர்ச்னாய் வெள்ளை, தனிச் சிப்பாய் டி4இல். கார்ப்போவ் குதிரை, பிஷப் எல்லாவற்றையும் மாற்றிக்கொண்டு, ராணியையும் யானைகளையும் டி ஃபைலில் குவித்து நெருக்கிவிட்டார். சின்னக் காய்கள் (குதிரை, பிஷப்) இருக்கும்வரைதான் தனிச் சிப்பாய்க்கு உயிர் என்பது இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால் பளிச்சென்று புரிகிறது. ஒவ்வொரு நிலைக்கும் ஐந்து நிமிடம். பேசாமல் மூன்று நகர்வுகளை எழுதிக்காட்ட வேண்டும். பிறகு அதே நிலையை இரண்டு பக்கமும் மாறி மாறி ஆடவைக்கிறார்கள்.

குறையும் உண்டு. தருகிற தாளில் 1976க்குப் பிந்தைய போட்டி முடிவுகள் வெறும் பட்டியலாக இருக்கின்றன. அவர் பெயர் இருந்த போட்டிகளைப் பல ஆண்டுகள் சோவியத் வீரர்கள் புறக்கணித்தார்கள் என்பதைச் சொல்லாமல் அந்தப் பட்டியலைப் படித்தால் எதிராளிகளின் தரத்தைத் தப்பாக எடைபோடுவோம். கேண்டிடேட்ஸ் மேட்ச்களை அப்படி ஒதுக்க முடியவில்லை. 1977-78 சுற்றில் பெட்ரோசியன், பொலுகயேவ்ஸ்கி, ஸ்பாஸ்கி மூவரையும் வீழ்த்தித்தான், கார்ப்போவுடன் உலக சாம்பியன் மேட்ச் ஆட பிலிப்பைன்ஸின் பாகியோ போனார். அதைத்தான் அளவுகோலாக எடுக்க வேண்டும்.

நான்காம் வாரம் ஓட்டமாக ஓடுகிறது. ஆறு வெற்றிகளை முதலில் எட்டுபவரே ஜெயிக்கும் 1978 பாகியோ மேட்சில் 5-2 என்று பின்தங்கியவர் 28, 29, 31ஆம் ஆட்டங்களை வென்று சமன் செய்தார், 32இல் தோற்றார். அந்த 31ஆம் ஆட்டத்தின் யானை எண்ட்கேமுக்கே (யானைகளும் சிப்பாய்களும் மட்டும் மிஞ்சும் கடைசிக் கட்டம்) ஒரு முழு வகுப்பு வேண்டும், இங்கே இருபது நிமிடத்தில் முடித்துவிடுகிறார்கள்.

நகர்வுகளை எழுதத் தெரியாத பிள்ளைகளை இப்போது சேர்க்க வேண்டாம், தவித்துப்போவார்கள். சேருகிறவர்கள் 31ஆம் ஆட்டத்தின் தாளை மூன்றாம் வாரமே கேட்டு வாங்கி, வீட்டில் பலகையில் ஒருமுறை ஆடிப் பார்த்துவிட்டுப் போங்கள்.