நீலகிரி எக்ஸ்பிரஸில் முதல் வகுப்பு: அம்மாவோடு ஊட்டிக்கு

அம்மாவை ஊட்டிக்குக் கூட்டிப் போகலாம் என்று பேச்செடுத்ததும் வீட்டில் எல்லோரும் சொன்னது, "பேசாம ஒரு இன்னோவா எடுத்துக்கோ" என்பதுதான். தம்பி மட்டும், கோவை வரை வந்தே பாரத்தில் போய் அங்கிருந்து டாக்ஸி பிடிக்கலாம் என்றான். இரண்டுமே இளவட்டங்களுக்குச் சரி. எழுபதைத் தாண்டி, முட்டி வலியும் சேர்ந்துகொண்ட ஒருவரை அத்தனை மணி நேரம் உட்கார வைத்துக் கூட்டிப் போக முடியாது. படுத்துக்கொண்டே போக வேண்டும், மலையடிவாரம் வரை வண்டி மாறக் கூடாது. சென்னையிலிருந்து அப்படிப் போக நீலகிரி எக்ஸ்பிரஸைத்தான் பிடிக்க வேண்டும். இரவு ஒன்பது மணி வாக்கில் சென்ட்ரலில் கிளம்பி, 530 கிலோமீட்டர் சொச்சம் ஓடி, காலை ஆறேகாலுக்கெல்லாம் மேட்டுப்பாளையத்தில் விட்டுவிடும். அங்கே ஊட்டி மலை ரயில் காத்திருக்கும்.

காரை வேண்டாம் என்றதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2024 மே மாதத்திலிருந்து, உயர் நீதிமன்ற உத்தரவுப்படி, ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் போகும் வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டும். 2025 சீசனில் ஊட்டிக்கு ஒரு நாளைக்கு இத்தனை வண்டிதான் என்று வரம்பும் வைத்தார்கள். சாதாரண நாளில் 6,000, வார இறுதியில் 8,000. ரயிலில் போகிறவரிடம் யாரும் பாஸ் கேட்பதில்லை.

நான் இருப்பது சூரிச் பக்கம். அங்கிருந்து வியன்னாவுக்கும் ஹாம்பர்க்குக்கும் இரவு ரயில் போகிறது. தனிப் படுக்கை அறை எடுத்தால் செருப்பு, சின்னப் பை, தண்ணீர் எல்லாம் தருவார்கள். காலையில் நாம் பட்டியலில் டிக் அடித்துக் கொடுத்ததைத் தட்டில் கொண்டுவந்து வைப்பார்கள். அந்த நினைப்போடு நம்மூர் முதல் வகுப்பு ஏசியில் ஏறினால் ஏமாற்றமாகத்தான் இருக்கும். சுமார் 2,000 ரூபாய்க்கு இங்கே கிடைப்பது கதவு, அகலமான படுக்கை, பக்கத்தில் நடமாட்டம் இல்லாத அமைதி. சாப்பாடு கிடையாது, அலங்காரம் கிடையாது. அங்கே அதே மாதிரி ஓர் இரவுக்குக் கொடுப்பதை ரூபாயில் கணக்குப் போட்டால் இங்கே கொடுப்பது ஒன்றுமே இல்லை. அதனால் இரண்டையும் ஒப்பிடுவதை அத்தோடு நிறுத்திக்கொண்டேன்.

வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு முதல் தடங்கல் டிக்கெட்தான். முன்பு 120 நாளுக்கு முன்பே போட்டுவிடலாம். 2024 நவம்பர் 1 முதல் அதை 60 நாளாகக் குறைத்துவிட்டார்கள். விமானத்துக்கு ஆறு மாதம் முன்பே பணம் கட்டிவிட்டு, ஊருக்குள் போகும் ரயிலுக்கு மட்டும் நாள் எண்ணிக் காத்திருக்க வேண்டும். கடைசி நேரத்தில் தத்கலில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடாதீர்கள். 2025 ஜூலையிலிருந்து ஆன்லைன் தத்கலுக்கு ஆதார் சரிபார்ப்பு கட்டாயம். நம்மில் பலரிடம் ஆதார் இல்லை, இருந்தாலும் அதில் பழைய இந்தியக் கைபேசி எண்தான் இருக்கும். அதைவிட முக்கியம், முதல் வகுப்பு ஏசிக்குத் தத்கலே கிடையாது. எனவே அறுபதாம் நாள் காலையில் போட்டால்தான் உண்டு. எனக்கு அக்கா மகன்தான் ஊரில் உட்கார்ந்து போட்டுக் கொடுத்தான். மூத்த குடிமக்களுக்கான சலுகையும் 2020 மார்ச்சில் நிறுத்தியது, இன்னும் திரும்ப வரவில்லை. முன்பெல்லாம் அம்மா வயதுப் பெண்களுக்குப் பாதிக் கட்டணம்தான். வீட்டில் இதைப் பற்றிப் பேச்சு வந்தால் அம்மா ரயில்வே அமைச்சரில் ஆரம்பித்து ஒருவரையும் விடமாட்டார்.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. முதல் வகுப்பு ஏசியில் டிக்கெட் உறுதியானாலும் படுக்கை எண் வராது. சார்ட் போட்ட பிறகுதான் எந்த கேபின், எந்தப் படுக்கை என்று தெரியும். நான்கு பேர் படுக்கும் கேபின் உண்டு, இரண்டு பேருக்கான கூபே உண்டு. கூபேயைப் பெரும்பாலும் தம்பதிகளுக்குத் தருவார்கள் என்பார்கள். எங்களுக்கு வந்தது கேபின். ஒரு கீழ்ப் படுக்கை, ஒரு மேல் படுக்கை. கீழே அம்மாவுக்கு, மேலே எனக்கு. சைடு பெர்த் என்ற தொல்லை இந்த வகுப்பில் இல்லை.

சென்ட்ரலில் கார் நிறுத்துமிடத்திலிருந்து பிளாட்பாரம் வரை பேட்டரி வண்டி கிடைத்தது. ஏறும்போதுதான் சிரமம், எல்லா வகுப்பிலும் அதே செங்குத்துப் படிகள்தான். அதற்கு முதல் வகுப்புக்காசு உதவாது. சிவப்புச் சட்டைப் போர்ட்டர் ஒருவர் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, "அம்மா, கம்பியைப் புடிங்க, அவசரமே இல்ல, வண்டி கிளம்ப இன்னும் இருபது நிமிஷம் இருக்கு" என்று நின்று ஏற்றிவிட்டார். பேசிய கூலிக்கு மேல் நானாகவே கொடுத்தேன்.

எங்கள் கேபினில் எதிரே திருப்பூர் தம்பதி. பேத்தி கல்யாணத்துக்குப் பட்டு எடுக்க காஞ்சிபுரம் வந்துவிட்டுத் திரும்புகிறார்கள். உட்கார்ந்ததும், "ஏனுங் தம்பி, எந்தூருல இருக்கறீங்க?" என்று ஆரம்பித்தவர், சுவிட்சர்லாந்து என்றதும், "அங்கிருந்து இங்க மலையப் பாக்க வந்தீங்களா?" என்றார். அவர் மனைவி அதற்குள் அம்மாவுக்கு முறுக்கு டப்பாவைத் திறந்துவிட்டார். கதவுக்காகத்தான் காசு கொடுத்தோம் என்றேனே, பத்தரை மணி வரை அதை மூடவே இல்லை.

சாப்பாட்டு விஷயம். இந்த வண்டியில் சமையல் பெட்டி கிடையாது. ஒரு செயலியில், வழியில் ஒரு ஸ்டேஷனில் கொண்டுவந்து தரச் சொல்லிச் சப்பாத்தி போட்டிருந்தேன். பெயர் வேண்டாம். அந்த ஸ்டேஷன் வந்தது, போனது, சப்பாத்தி வரவில்லை. பணம் பிறகு திரும்பி வந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அம்மா இதையெல்லாம் எதிர்பார்த்தவர் போல எலுமிச்சை சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் கட்டிக்கொண்டு வந்திருந்தார், திருப்பூர்க்காரர்களுக்கும் சேர்த்து. ஒன்பது மணி வண்டிக்கு வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டு ஏறுவதுதான் புத்திசாலித்தனம்.

படுக்கைத் துணி காக்கிப் பேப்பர் கவரில் வந்தது. இரண்டு போர்வைத் துணி, ஒரு துண்டு. சலவை மடிப்பு கலையாமல், லேசாகச் சூடு ஏறிய வாசனையோடு. கம்பளி தனியாக. இந்தக் கம்பளியைப் பற்றித்தான் 2024 நவம்பரில் மக்களவையில் கேள்வி வந்தது; மாதத்துக்கு ஒரு முறையாவது துவைக்கிறோம் என்று ரயில்வே அமைச்சரே பதில் சொன்னார். அதற்காகத்தான் இரண்டாவது துணி. கம்பளிக்கு உள்பக்கம் அதை வைத்துப் போர்த்திக்கொண்டால் கம்பளி உடம்பில் படாது. அம்மாவுக்கு அப்படிப் போட்டுக் கொடுத்ததும், "இது எனக்குத் தெரியாதா?" என்று ஒரு பார்வை. ஏசிக் குளிர் நிச்சயம் தாங்காது, மெல்லிய ஸ்வெட்டர் வைத்துக்கொள்ளுங்கள்.

அதிகாலையில் திருப்பூர் வருமுன்பே பெட்டிப் பணியாளர் கதவைத் தட்டி அவர்களை எழுப்பினார். அவர்கள் எழுந்து சத்தமில்லாமல் பையெடுத்தார்கள். அந்த அம்மா போகும்போது எங்கள் அம்மாவின் கம்பளியைக் கால் வரை இழுத்துவிட்டுப் போனார். ஐந்து மணிக்குக் கோவை. பாதி வண்டி அங்கேயே காலி. இன்ஜினைக் கழற்றி மறுபக்கம் மாட்டுகிறார்கள். மேட்டுப்பாளையத்துக்கு, வந்த வழியிலேயே கொஞ்சம் திரும்பிப் போய் கோவை வடக்கில் பிரிய வேண்டும் என்பதால், அதுவரை முன்னால் போன வண்டி இப்போது பின்னால் போகிறது. தூக்கம் தெளியாதவர்களுக்குத் திரும்பச் சென்னைக்கே போகிறோமோ என்று ஒரு நிமிடம் குழப்பம் வரும். காரமடை தாண்டி விடியும்போது ஜன்னலில் நீலகிரி தெரிகிறது.

இனிமேல்தான் மலை ரயில். ஏழேகாலுக்குள் கிளம்பிவிடும், அதனால் இறங்கியதும் பல் தேய்த்து ஒரு காபி குடிக்க நேரம் சரியாக இருக்கும். இதற்கு டிக்கெட்டைத் தனியாக, அதே அறுபது நாளில் போட வேண்டும். நீலகிரி எக்ஸ்பிரஸ் டிக்கெட்டைவிட இதுதான் சீக்கிரம் தீரும். முதலில் இதைப் போட்டுவிட்டு அப்புறம் அதைப் போடுங்கள்.

எனக்கு இதில் சொந்தமாகவே ஒரு ஈடுபாடு உண்டு. 1899-ல் குன்னூர் வரையும், 1908-ல் ஊட்டி வரையும் போட்ட பாதை இது, 46 கிலோமீட்டர். கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையில் தண்டவாளத்தின் நடுவே பல் சட்டம் ஓடுகிறது. இன்ஜினின் பல்சக்கரம் அதைக் கவ்விக்கொண்டு ஏறும். பன்னிரண்டு அடி போனால் ஓரடி ஏற்றம். இந்தச் சரிவில் சாதாரணச் சக்கரம் வழுக்கிவிடும். இந்தப் பல் ஏற்பாட்டைக் கண்டுபிடித்த ஆப்ட் ஒரு சுவிஸ்காரர். இங்கே ஓடிய எக்ஸ் வகை நீராவி இன்ஜின்களைச் செய்ததும் சுவிட்சர்லாந்தின் விண்டர்தூர் நகர ஆலைதான். எங்கள் வீட்டிலிருந்து ரயிலில் அரை மணி நேரம். அந்த ஆலை இன்று இல்லை. புது இன்ஜின்கள் 2011-லிருந்து நம் திருச்சி பொன்மலைப் பணிமனையில் வருகின்றன. சுவிட்சர்லாந்தில் நீராவி இன்ஜின் பல் ரயில் ஏறுவதைப் பார்க்க பிரியன்ஸ் போன்ற சுற்றுலாத் தடங்களுக்குத்தான் போக வேண்டும்; இங்கே அது அன்றாட வண்டி. 2005-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்ததற்குக் காரணமே அதுதான் என்று எனக்குத் தோன்றும்.

மேலே ஏறும்போது இன்ஜின் பின்னால் நின்று தள்ளுகிறது. ஒவ்வொரு பெட்டியின் முன்மேடையிலும் பிரேக் பிடிக்கும் ஊழியர் கொடியோடு நிற்கிறார். பல் சட்டம் உள்ள பகுதியில் வண்டி வேகம் மணிக்கு 13 கிலோமீட்டர்தான், கூட ஓடி வந்தால் பிடித்துவிடலாம். பவானி ஆற்றுப் பாலம், பாக்குத் தோப்புகள், கல்லாறு தாண்டியதும் அடிவயிற்றில் ஒரு 'கடக்' என்று பல்லில் பல் பொருந்தும் சத்தம். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். ஹில்குரோவில் இன்ஜினுக்குத் தண்ணீர் ஊற்ற வண்டி நிற்கும், நமக்கு டீயும் வடையும். வடை இருக்கும் கையை உள்ளே வைத்துக்கொள்ளுங்கள். குரங்குகள் அங்கே ரொம்ப நாளாக வேலையில் இருக்கின்றன.

பெட்டிகள் பழையவை, நெருக்கமாக உட்கார வேண்டும், உள்ளே கழிப்பறை கிடையாது. ஐந்து மணி நேரத்தில் இது பெரியவர்களுக்குச் சிரமம். குன்னூரில் கொஞ்ச நேரம் நிற்கும், நீராவி இன்ஜினைக் கழற்றி டீசல் மாட்டுவார்கள், அங்கே போய்விட்டு வந்துவிட வேண்டும். அம்மாவுக்குக் குன்னூர் வரைக்கும் பிடித்தது, அதற்குமேல் முட்டி பேச ஆரம்பித்துவிட்டது. மறுபடி வருவதென்றால் குன்னூரிலேயே இறங்கி ஒரு டாக்ஸி பிடித்துவிடுவேன். அரவங்காடு, கேத்தி, லவ்டேல் அழகுதான், ஆனால் மலை ரயிலின் சாரம் குன்னூர் வரைதான்.

ஊட்டியில் தங்கிய இடத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அறை வாடகை ஒரு விலை, ஹீட்டருக்குத் தனி விலை என்று வந்திறங்கிய பிறகு சொன்னார்கள். புக் செய்யும்போதே கேட்டுவிடுங்கள். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு மாவட்டம் முழுக்கத் தடை. வீட்டிலிருந்தே எவர்சில்வர் பாட்டில் கொண்டு போங்கள், வழியெல்லாம் தண்ணீர் ஏடிஎம் உண்டு. மொறுமொறு பிஸ்கட் மாதிரியான வர்க்கி வாங்காமல் வரக் கூடாது. 2023-ல் புவிசார் குறியீடும் வாங்கிவிட்டது ஊட்டி வர்க்கி.

டிசம்பர் விடுமுறைக்கு வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் மண் சரிந்தால் மலை ரயிலை நாள்கணக்கில் நிறுத்திவிடுவார்கள். அப்போது மேட்டுப்பாளையம் பேருந்து நிலையம் நடக்கிற தூரம்தான், குன்னூர் வழியாகவும் கோத்தகிரி வழியாகவும் பஸ் உண்டு.

திரும்பும்போது மலை ரயில் வேண்டாம் என்று அம்மா முதல் நாளே சொல்லிவிட்டார். அது மதியம் இரண்டுக்குக் கிளம்பி ஐந்தரை வாக்கில் மேட்டுப்பாளையம் வந்துவிடும், சென்னை வண்டியோ இரவில்தான். மூன்று மணி நேரத்துக்கு மேல் ஸ்டேஷனில் உட்கார வேண்டும். நாங்கள் சாயங்காலம் கோத்தகிரி வழியாக டாக்ஸியில் இறங்கி, சாப்பிட்டுவிட்டு, நேராக வண்டியில் ஏறினோம். திரும்பும்போது எனக்கு மட்டும் இரண்டாம் வகுப்பு ஏசி, அம்மாவுக்கு முதல் வகுப்பு. எனக்குத் தூக்கத்தில் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. அம்மா கீழ்ப் படுக்கையில் கால் நீட்டி சேலம் வருமுன்பே தூங்கிவிட்டாராம், அந்தக் கேபினில் இருந்த பெண் காலையில் சொன்னார்.