1000/6000 தீட்டுக்கல்: சில வருடப் புழக்கத்துக்குப் பிறகு

மரவேலைக்கோ கத்தி செய்வதற்கோ புதிதாக வருகிறவர்கள் முதலில் கேட்பது, எந்த உளி வாங்கலாம் என்றுதான். உளி சுமாராக இருந்தால்கூடச் சமாளிக்கலாம், கல்லில் கஞ்சத்தனம் வேண்டாம். கடையிலிருந்து வரும் புது உளியைப் பெரும்பாலும் தீட்டித்தான் வேலைக்கு எடுக்க முடியும்.

நான் வைத்திருப்பது ஒரு பக்கம் 1000, மறுபக்கம் 6000 கிரிட் உள்ள தண்ணீர்க்கல். கிரிட் என்பது கல்லின் மணல் எவ்வளவு நுண்மை என்று சொல்லும் எண், எண் கூடக்கூட கல் நுண்மையாகும். 1000 பக்கத்தைக் குமிழி அடங்கும்வரை ஊற வைக்க வேண்டும். 6000 பக்கத்தில் தண்ணீர் தெளித்தாலே போதும்.

உளிக்கு 25 டிகிரிச் சரிவு, விளிம்பில் மட்டும் 30 என்று வைத்துக்கொள்ளுங்கள். கோணம் சரியா என்று தெரியவில்லையா? சரிவு முழுக்க மார்க்கர் பேனாவால் கறுப்படித்து, நாலு இழுப்பு இழுத்துப் பாருங்கள். மை அழிந்த இடத்தில்தான் கல் படுகிறது. உளியின் மறுபக்கத்தை விரலால் தடவும்போது மெல்லிய பிசிர் தட்டுப்பட வேண்டும். அது விளிம்பு முழுக்க வரும்வரை 6000-க்குப் போகாதீர்கள். ஆரம்பத்தில் பலரும் அவசரப்படுவது இங்கேதான்.

இந்தக் கல்லின் பெரிய தொல்லை, நடுவில் குழி விழுவது. குழி விழுந்த கல்லில் உளியின் முதுகு தட்டையாகவே வராது. கல்லின் மேல் பென்சிலால் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு போட்டு, கண்ணாடி மேல் வைத்த ஈர உப்புத்தாளில் கோடுகள் மறையும்வரை தேய்க்கிறேன். சலிப்பான வேலைதான், வேறு வழியில்லை.

கத்தி செய்பவர்களுக்கு ஒன்று. சாதாரண கார்பன் எஃகைக் கடினப்படுத்திய பிறகு, சுமார் 200 டிகிரி செல்சியஸில் சூடாக்கிப் பதப்படுத்துவது வழக்கம். மோட்டார் சாணைச் சக்கரத்தில் பிடிக்கும்போது விளிம்பு நீலம் பாய்ந்தால் 300-ஐ நெருங்கிவிட்டது என்று அர்த்தம், அந்த இடம் மென்மையாகிவிடும். கைக்குச் சுடுகிறதென்றால் உடனே தண்ணீரில் முக்குங்கள்.

அப்புறம் மரம். தேக்கில் சிலிக்கா இருப்பதால் கூர் சீக்கிரம் மழுங்கும். பழகுவதற்குக் குமிழ் மரம் நல்லது.

வீட்டுக் கத்திக்கு மட்டும் என்றால் 6000 பக்கம் அதிகம்தான். கையில் காசு குறைவென்றால் தனி 1000 கல் வாங்கி, பழைய தோல் பெல்ட்டில் பச்சை மெருகுப் பசை தடவி இழுத்துக்கொள்ளலாம்.