மணி பிளாண்ட்டா, மான்ஸ்டெராவா, அக்லோனிமாவா: நம்ம வீட்டு வெக்கைக்கு எது ஒத்து வரும்?

போன மாசம் சுங்கை சிப்புட் பசார் மாலாம்ல ஒரு மான்ஸ்டெரா தொட்டி 45 வெள்ளின்னு சொன்னாங்க, நாலே நாலு இலை, அதுல ஒண்ணுதான் தானாவே ஓரம் கிழிஞ்சு வர்ற அந்த அழகு இலை. கூட வந்த எங்கம்மா "ஏம்மா, நம்ம லயத்துக்குப் பின்னால செம்பனை மரத்துல ஏறிக் கெடந்துச்சே அதானே இது, இதுக்குப் போயி காசா?"ன்னு சத்தமாவே கேட்டுட்டாங்க. கடைக்கார அண்ணே சிரிச்சிட்டாரு, எனக்குத்தான் கூச்சமா போச்சு.

அம்மா சொன்னது தப்புதான், ஆனா முழுசா தப்பில்ல. தோட்டத்துல அந்த மரத்துல இருந்தது மணி பிளாண்ட். யாரோ தூக்கிப் போட்ட கொடி, வெட்டின மட்டையோட அடிக்கட்டை இடுக்குல மக்கிப் போன குப்பையும் ஈரமும் இருக்குமே, அதுல வேரை விட்டு ஏறி, மேல போகப் போக இலை சொளகு அளவுக்கு வந்து ஓரமெல்லாம் கிழிஞ்சி தொங்கும். சின்ன வயசுல மழை வந்தா அதை ஒடிச்சு தலைல புடிச்சுக்கிட்டு ஓடியிருக்கோம். அதே கொடியை டிவி மேல பாட்டில்ல வச்சா உள்ளங்கை அளவு இலை, அதுவும் கிழியாம. இது வேற ஜாதி இல்ல, அதே செடிதான். தொங்க விட்டா இலை சிறுத்துக்கிட்டே போகும், ஏற விட்டா பெருத்துக்கிட்டே போகும், நல்லா முத்துன கொடில ஒரு மீட்டர் நீளம் வரைக்கும் இலை வரும். மணி பிளாண்ட் பிரெஞ்சு பொலினீசியாவுல மோரியா தீவுல இருந்து வந்தது, மான்ஸ்டெரா தெற்கு மெக்சிகோவுல இருந்து பனாமா வரைக்கும் உள்ள காட்டுச் செடி, ரெண்டும் நம்ம கிளாடி, சேப்பங்கிழங்கு குடும்பம்தான், பங்காளிங்கன்னு வச்சுக்கோங்க.

அதனால என் கணக்கு இதுதான், கிழிஞ்ச பெரிய இலை வேணும்னு ஆசைப்படுறவங்க முதல்ல ஓசில கெடைக்கிற மணி பிளாண்ட்டுக்கு ஒரு கம்பம் நட்டுப் பாருங்க. குளிர் நாட்டுல இது கஷ்டம், நம்ம ஊரு வெக்கையும் ஈரமும் இதுக்கு சொந்த ஊரு மாதிரி. ஒரு கட்டையை சுத்தி தேங்காய் மட்டையை ராஃபியா கயிறு போட்டு இறுக்கிக் கட்டுங்க, தொட்டிக்கு மட்டும் ஊத்தாம அந்த மட்டையும் நனையிற மாதிரி தண்ணி தெளிங்க, கொடியோட கணு மட்டைல படுற மாதிரி கட்டி விட்டா வேர் தானா புடிச்சுக்கும்.

மான்ஸ்டெரா அழகு இல்லைன்னு சொல்லல. ஓட்டைக்காக அவ்ளோ ஏற விட வேணாம், கொஞ்சம் வளந்தாலே கிழிஞ்ச இலை வந்துரும். ஆனா தமான் வீட்டு ஹால்ல இடம் அடைக்கும், ரெண்டு வருசத்துல சோபாவை நகத்த வேண்டியிருக்கும். இன்னொண்ணு, இலை சுருளா இருக்கும்போதே ஓட்டை விழுந்து முடிஞ்சிரும், முழுசா விரிஞ்ச இலை அப்புறம் கிழியாது, காத்துக்கிட்டு இருக்காதீங்க. வெளிச்சம் பத்தலைன்னா அடுத்து வர்ற இலையும் மொட்டையாத்தான் வரும். இதோட பழத்தைத் திங்கலாம், டெலிசியோசான்னு பேரு வந்ததே அதுக்குத்தான், ஆனா காயா இருக்கும்போது வாயில வச்சீங்கன்னா வேகாத சேப்பங்கிழங்கு கதைதான்.

மான்ஸ்டெராவுலயே வெள்ளை கலந்த ஆல்போ ரகம் பத்தி சொல்லியே ஆகணும். கொரோனா எம்சிஓ ஊரடங்கு நேரத்துல ஊரே செடி பைத்தியம் புடிச்சு அலைஞ்சப்போ நானும் ஆன்லைன்ல 150 வெள்ளிக்கு ஒரு துண்டு வாங்குனேன், வந்தது பால் மாதிரி முழு வெள்ளை இலை, பாக்க தேவதை, எனக்கு ஒரே சந்தோசம். மூணு வாரத்துல ஓரம் காஞ்சு, அப்புறம் காம்பு அழுகி போயே போச்சு. வெள்ளைப் பகுதில பச்சையமே கெடையாது, அது எப்படி சாப்பாடு செய்யும்? பச்சையும் வெள்ளையும் கலந்து இருக்கணும். அதோட அந்தத் துண்டுல கணுவும் இல்ல. கரும்பு நடுறப்போ கணு பாக்குறோம்ல, இதுக்கும் அதேதான், வெறும் இலைக்காம்பு தண்ணில வேர் விடும், ஆனா எத்தனை மாசமானாலும் புதுத் தளிர் வராது.

இப்ப அக்லோனிமா. இது ஏறாது, படராது, மெதுவா ஒரு இடத்துல உக்காந்து வளரும். வீட்டுக்குள்ள வைக்கணும்னா என் ஓட்டு இதுக்குத்தான். மலாய்க்காரங்க ஸ்ரீ ரெசெக்கின்னு சொல்லுவாங்க. சிவப்பு ரகங்களுக்கு வழி காட்டுனது இந்தோனேசியாவுல கிரெக் ஹம்பாலி, சுமத்ராக் காட்டுல உள்ள ரொட்டுண்டம்ங்கிற அக்லோனிமாவை வேற அக்லோனிமாவோட கலப்பு பண்ணி பிரைட் ஆஃப் சுமத்ரான்னு ஒண்ணைக் கொண்டு வந்தாரு. சிவப்பு வாங்குறவங்க ஜன்னல் பக்கம் வைங்க, இருட்டுல வச்சா நெறம் மங்கிரும், பச்சை வெள்ளி ரகம்னா சாமி மேடைக்குக் கீழ கூட தாங்கும். நேர் வெயில் மட்டும் ஆகாது, மத்தியானம் கார் போர்ச்ல அடிக்கிற வெயில்ல ஒரே நாள்ல வெந்து போன கீரை மாதிரி ஆயிரும். தண்ணி விரலை மண்ணுல விட்டுப் பாத்து, மேல காஞ்சிருந்தாத்தான். எங்கம்மா தினமும் ஊத்தியே ஒண்ணைக் கொன்னாங்க, தண்டை அழுத்துனா கொழகொழன்னு இருந்துச்சு.

பாட்டில்ல மணி பிளாண்ட் வச்சிருக்கவங்களுக்கு ஒரு வார்த்தை. மாத்தாம நிக்கிற தண்ணில டெங்கி பரப்புற ஏடிஸ் கொசு முட்டைல இருந்து பறக்குறதுக்கு வாரம் பத்து நாள் போதும், தொட்டிக்குக் கீழ உள்ள தட்டும் அதே கணக்குதான். புழு இருந்துச்சுன்னா காம்பவுண்டு அபராதம் 500 வெள்ளி வரைக்கும் போடலாம், சொல்லிட்டேன். பூனை, கைக்குழந்தை இருக்க வீட்டுலயும் பாத்து வைங்க, மூணு செடியோட சாறுலயும் ஊசி மாதிரி படிகம் இருக்கு, வாயில வச்சா எரிச்சல் தாங்காது.

மாவுப்பூச்சி மூணுலயும் வரும். வேப்பெண்ணெய்ல ரெண்டு சொட்டு பாத்திரம் கழுவுற சோப்பு கலந்து தண்ணில அடிச்சு சாயங்காலமா தெளிச்சா போதும்.

கடைசில அந்த 45 வெள்ளி மான்ஸ்டெராவை வாங்கல, 18 வெள்ளிக்கு ஒரு சிவப்பு அக்லோனிமா எடுத்தேன். அம்மா பழைய தோட்டத்துக்குப் போயி ஒரு முழம் கொடி வெட்டிட்டு வந்து போர்ச் தூண் பக்கத்துல கட்டை நட்டுக் கட்டி விட்டுட்டாங்க. நேத்து விரிஞ்ச இலையோட ஓரத்துல ஒரு சின்னக் கிழிசல், தானா வந்ததுன்னு அம்மா சொல்றாங்க, எனக்கு என்னமோ பூனை மேலதான் சந்தேகம்.