பல்பா, தட்டா, தாய்க்கோழியா? குஞ்சுகளுக்கு எந்தச் சூடு சரி

பொரித்த குஞ்சுக்குத் தன் உடம்புச் சூட்டைத் தானே காத்துக்கொள்ள முடியாது. மேலே இருப்பது வெறும் பஞ்சு. இறகு மூடி முளைக்க நான்கைந்து வாரமாவது ஆகும். முதல் வாரம் 32 முதல் 35 டிகிரி செல்சியஸ், அப்புறம் வாரத்துக்குச் சுமார் 3 டிகிரி குறைத்து 21 வரை கொண்டுவருவது வழக்கம். இதில் பெரிய சண்டை இல்லை. அந்தச் சூட்டை எதிலிருந்து எடுப்பது என்பதில்தான் ஆளுக்கொரு பேச்சு.

பழைய குண்டு பல்பில் ஆரம்பிப்போம். மின்சாரத்தில் பெரும்பகுதியைச் சூடாகவே கொட்டிவிடும். வீட்டு வெளிச்சத்துக்கு அது குறை, குஞ்சுகளைச் சூட்டில் வைத்து வளர்க்கும் புரூடருக்கு அதுவே நிறை. எல்இடி பல்பை மாட்டிவிட்டு, "வெளிச்சம் இருக்கிறதே, குஞ்சு ஏன் நடுங்குகிறது?" என்று கேட்டவரைப் பார்த்திருக்கிறேன். குண்டு பல்புதான் என்றால் பெரியதாக ஒன்றைவிடச் சின்னதாக இரண்டு மேல். நடுராத்திரி ஒன்று ஃபியூஸ் போனாலும் மற்றது தாங்கும். ஆனால் விடிய விடிய வெளிச்சத்தில் குஞ்சுகள் சரியாகத் தூங்காது. தூங்காத குஞ்சு பக்கத்துக் குஞ்சின் விரலைக் கொத்தும்.

அகச்சிவப்பு விளக்கு இன்னும் பெரிய இடத்தைச் சூடாக்கும். சிவப்புக் கண்ணாடி என்றால் கொத்திய காயத்தின் ரத்தம் மற்ற குஞ்சுகளின் கண்ணில் பளிச்சென்று படாது. இதெல்லாம் சரி, எனக்கு அதன்மேல் ஒரு பயம் உண்டு. ஒருமுறை நான் கிளிப்பில் மட்டும் மாட்டியிருந்த 250 வாட் விளக்கு இரவில் நழுவித் தொங்கியது. காலையில் பார்த்தால் உமியில் உள்ளங்கை அகலத்துக்குக் கருகிய வட்டம். இன்னும் நான்கு விரல் இறங்கியிருந்தால் கொட்டகையே போயிருக்கும். அன்றிலிருந்து கிளிப்போடு சங்கிலியும் போடுகிறேன். உமிக்கும் விளக்குக்கும் நடுவே அரை மீட்டராவது விடுகிறேன். இன்னொன்று: உடையாமல் இருக்க டெஃப்லான் பூசிய பல்புகள் உண்டு. அந்தப் பூச்சு சூடேறி விடும் புகை மனிதருக்குத் தெரியாத அளவிலேயே பறவைகளைக் கொன்றுவிடும். அட்டைப்பெட்டியில் எழுதியிருப்பதைப் படித்து வாங்குங்கள்.

சூட்டுத் தட்டு வேறு வகை. நான்கு கால் வைத்த பலகை மாதிரி இருக்கும். குஞ்சு அடியில் நுழைந்து முதுகை ஒட்டிக்கொள்ளும், தாயின் வயிற்றுக்கடியில் புகுவது போல. சின்னத் தட்டு 250 வாட் விளக்கில் பத்தில் ஒரு பங்கை ஒட்டித்தான் மின்சாரம் எடுக்கும். வெளிச்சம் கிடையாது, ராத்திரி ராத்திரியாகவே இருக்கும். தீப்பிடிக்கும் அபாயமும் மிகக் குறைவு. எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது, குளிர்ந்தால் உள்ளே, வெக்கையானால் வெளியே என்று குஞ்சே முடிவெடுக்கிறது. ஆனால் தட்டு காற்றைச் சூடாக்காது. 10 டிகிரிக்குக் கீழே போகும் கொட்டகையில் அதை மட்டும் நம்பினால் தீனிக்கு வெளியே வந்த குஞ்சு விறைத்துப்போகும். காற்று சூடாகாததால் தெர்மாமீட்டரும் இங்கே உதவாது.

தாய்க்கோழிக்கு இணை இவற்றில் எதுவுமில்லை. என்ன, நாம் நினைத்த தேதிக்கு அது அடையில் உட்காராது. பேன் இருந்தால் குஞ்சுக்கும் ஏறும். முட்டை பல வாரம் நின்றுபோகும்.

மின்சாரம் போனால் விளக்கும் தட்டும் ஒன்றுதான். வெந்நீர் ஊற்றித் துணி சுற்றிய பாட்டில் ஒன்றிரண்டு எப்போதும் தயாராக இருக்கட்டும்.

எதை மாட்டினாலும் அளவு சொல்வது குஞ்சுகள்தான். விளக்குக்கடியில் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கீச்சிட்டால் குளிர். சுவரோரம் ஒதுங்கி, இறக்கையைத் தொங்கவிட்டு, வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் வெக்கை. எல்லாம் ஒரே பக்கம் ஒண்டினால் எதிர்ப்பக்கம் காற்று புகுகிறது. அங்கங்கே பரவிப் படுத்திருந்தால் நீங்களும் போய்ப் படுக்கலாம்.

வீட்டுக்குள் இருபது முப்பது குஞ்சு வளர்ப்பவருக்கு என் ஓட்டு தட்டுக்கு. குளிர்ந்த கொட்டகை என்றால் சங்கிலி போட்ட விளக்கு. தட்டு வாங்குபவர் ஒன்றை மட்டும் மறக்கவேண்டாம்: விளக்கின் கீழே நோஞ்சான் குஞ்சு கண்ணில் பட்டுவிடும், தட்டுக்கடியில் படாது. அதனால் காலையும் மாலையும் தட்டைத் தூக்கி, குஞ்சுகளை ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பின்பக்கம் பாருங்கள். குளிரோ சூடோ மிஞ்சினால் எச்சம் அங்கே ஒட்டி வழியை அடைத்துவிடும். கவனிக்காவிட்டால் குஞ்சு செத்துப்போகும். பிய்த்து இழுத்தால் தோலோடு வரும். வெதுவெதுப்பான தண்ணீரில் பஞ்சை நனைத்து, ஊறவைத்துத் துடைத்து, ஈரம் காய்ந்தபிறகு திரும்ப விடுங்கள்.